மரத்தில் கடைந்த எண்கள்

பெங்களூரில் குடியேறிய தமிழர் ஒருவர் மைசூர் ரயிலில் முதன்முறையாகச் செல்லும்போது சிறு வியப்பு ஒன்றை அடைவதுண்டு. பிடதியும் ராமநகரமும் கடந்தபின் வரும் ஊரின் பெயர் சென்னபட்டணம் என்று அறிந்ததும், நம் சென்னை மாநகரின் பழம்பெயர் இங்கே எவ்வாறு வந்தது என்று எண்ணத் தோன்றும். சென்னப்ப நாயக்கர் என்பவரின் பெயரால் நம் ஊர் அப்பெயர் பெற்றது என்பர். கன்னடத்திலோ 'சென்ன' என்ற சொல்லுக்கு அழகு என்பது பொருள். பெயர் ஒன்றாயினும் ஊர்கள் வேறு. பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தச் சென்னபட்டணத்தைக் கன்னட மக்கள் 'கொம்பெகள ஊரு', அதாவது பொம்மைகளின் ஊர், என்று அன்போடு அழைக்கின்றனர்.

அவ்வூர்க் கடைகளில் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக மரப் பொருள்கள் பளபளக்கும். பம்பரம், கிலுகிலுப்பை, நடைவண்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வளையங்கள், கம்பியில் மணிகள் கோத்த சட்டம் ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பயணத்தின் நடுவே குழந்தைக்கு ஏதேனும் வாங்க வேண்டுமென்று நிற்பவர், இவற்றை அழகிய விளையாட்டுச் சாமான்கள் என்ற அளவிலே கண்டு வாங்கிச் செல்வார். ஆயினும் இவற்றுட் சில, பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதியாத குழந்தைக்கு எண்ணும் அளவும் கற்பிக்கும் கருவிகளாகும். குழந்தைக்குக் கணக்கு முதலில் கையின் வழியே வருகிறது என்ற உண்மையை உலகம் எவ்வாறு கண்டறிந்தது, அந்த உண்மையில் நம் நாட்டுக்கும் இந்தக் கடைசல் பட்டறைகளுக்கும் உள்ள பங்கு யாது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை தடையின்றிச் சொல்லக் கேட்டுப் பெற்றோர் மகிழ்வது இயல்பு. அதே குழந்தையிடம், "அந்தத் தட்டிலிருந்து நான்கு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைநிறைய அள்ளித் தந்துவிடும். எண்களின் பெயர்களை அது பாட்டைப் போல அறிந்திருக்கிறது. எண்ணை இன்னும் அறியவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று தொட்டுத்தொட்டுச் செல்லுதல், கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தத்தைக் குறிக்கும் என்று உணர்தல் ஆகிய இரண்டும் பிறகு வாய்ப்பவை.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே இதனை எளிய சோதனையால் விளக்கினார். குழந்தையின் எண்ணறிவைப் பற்றிய அவருடைய நூல் 1941ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. ஒரே எண்ணிக்கையுள்ள வில்லைகளை இரு வரிசைகளாக, ஒன்றுக்கு ஒன்று நேராக அடுக்கினால், நான்கைந்து வயதுக் குழந்தை இரண்டும் சமம் என்று ஒப்புக்கொள்ளும். பிறகு ஒரு வரிசையின் வில்லைகளை இடைவெளி விட்டுப் பரப்பினால், அந்த நீண்ட வரிசையிலேதான் அதிகம் என்று கூறும். எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை என்பதை அதன் கண்ணே கண்டது. இருந்தும் நீளம் அதனை மயக்கிவிடுகிறது. பலமுறை தானே சேர்த்தும் பரப்பியும் மீண்டும் அடுக்கியும் பார்த்த பிறகே இந்த மயக்கம் நீங்குகிறது. எடுத்துரைப்பதால் மட்டும் நீக்க முடியாத மயக்கம் இது.

இந்த உண்மையை நம் முன்னோர் ஆய்வு நூலாக எழுதி வைக்கவில்லை. ஆனால் வாழ்க்கையில் வைத்திருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினர். எண்சுவடியை உரத்த குரலில் ஓதினர். வீட்டிலோ பல்லாங்குழி இருந்தது. வழக்கமான பலகையில் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து எனச் சோழியோ புளியங்கொட்டையோ இட்டால் மொத்தம் எழுபது. ஒரு குழியை அள்ளிக் குழிக்கு ஒன்றாக விட்டுச் செல்லும் பெண் குழந்தை, தான் ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் பாடத்தைப் படிக்கிறோம் என்று அறியாள். கை காலியாகும் இடம் எது என்று முன்கூட்டியே மனத்தில் எண்ணிப் பார்க்கத் தொடங்கும் நாளில், அவள் கூட்டலில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டாள். கன்னட வீடுகளில் இதே ஆட்டம் 'அளகுளி மணெ' என்ற பெயரால் வழங்குகிறது. பெங்களூர்த் தமிழரின் பாட்டியும் அடுத்த வீட்டுக் கன்னடப் பாட்டியும் மொழி பேசாமலே ஆடக்கூடிய ஆட்டம் அது.

நம் திண்ணைப் பள்ளியின் மணல் கடல் கடந்து சென்ற வரலாறும் ஒன்று உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னையில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் விடுதியிலும் அம்முறையைப் புகுத்தினார். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு வகுத்தார். 1797இல் இலண்டனில் இதுபற்றி அவர் நூல் வெளியிட்டதும், 'மதராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது. விரல் தொட்டுக் கற்பது மலிவானது மட்டுமன்று, விரைவானதும்கூட என்பதை அந்நாட்டார் நம்மிடமிருந்து அறிந்தனர் எனலாம்.

ஐரோப்பாவில் கைப்பொருளை முறையான கல்விக் கருவியாக்கியவர் ஜெர்மானியரான பிரீட்ரிக் பிரோபெல். 1782இல் பிறந்த இவர், பெர்லினில் படிகங்களை ஆராயும் பேராசிரியரிடம் பணியாற்றியவர். இயற்கை தன் படிகங்களை ஒழுங்கான வடிவங்களில் அமைத்திருப்பதைக் கண்ட அவர் மனம், குழந்தையின் விளையாட்டிலும் அத்தகைய ஒழுங்கைத் தேடியது. 1837இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்டார். அங்கே குழந்தைகளுக்கு வரிசையாக வழங்கிய பொருள்களை அவர் 'பரிசுகள்' என்று அழைத்தார். முதற்பரிசு மென்மையான கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவை. மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம்.

இந்த மூன்றாம் பரிசைத் தமிழ்க் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்ப்போம். கட்டையை நடுவே பிரித்தால் அரை. அதனை மறுபடி பிரித்தால் கால். இன்னொரு முறை பிரித்தால் எட்டில் ஒரு பங்கு. அதற்கு நம் பெயர் அரைக்கால். காலில் அரை என்று சொல்லே விளக்கம் தந்துவிடுகிறது. அதனையும் பாதியாக்கினால் வீசம். முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. எண்சுவடியில் வாயால் ஓதிய அந்தப் பெயர்களுக்கு மரக்கட்டை உருவம் தருகிறது. சொல்லும் பொருளும் ஒன்றையொன்று சந்திக்கும் அந்த நேரமே கல்வியின் நல்ல நேரம்.

பிரோபெலுடைய பள்ளிகளுக்கு எளிதில் வாழ்வு கிடைக்கவில்லை. 1851இல் பிரஷ்ய அரசு குழந்தைத் தோட்டங்களைத் தடை செய்தது. மறு ஆண்டே அவர் காலமானார். 1860இல் தடை நீங்கியது. அதற்குள் அவர் மாணவர்கள் பல நாடுகளுக்கு அந்தப் பரிசுகளை எடுத்துச் சென்றுவிட்டனர்.

கம்பியில் கோத்த மணிச்சட்டத்துக்கும் ஒரு பயணக் கதை கூறப்படுகிறது. 1812இல் நெப்போலியனின் படையோடு ரஷ்யாவுக்குச் சென்று சிறைப்பட்ட பொன்செலே என்ற கணித அறிஞர், அந்நாட்டு வணிகர்கள் மணிகளைத் தள்ளிக் கணக்கிடும் சட்டத்தைக் கண்டார் என்றும், விடுதலைக்குப்பின் அதனைப் பிரான்சு நாட்டு மெட்ஸ் நகருக்குக் கொண்டுவந்து கற்பிக்கப் பயன்படுத்தினார் என்றும் சொல்வர். வணிகனின் கருவி இவ்வாறு வகுப்பறைக்குள் நுழைந்தது. பத்துக் கம்பி, கம்பிக்குப் பத்து மணி, மொத்தம் நூறு என்ற அந்த அமைப்பையே இன்று நம் பிள்ளைகள் பள்ளியிலும் சென்னபட்டணக் கடையிலும் காண்கின்றனர்.

இந்த வரலாற்றில் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலியில் 1870இல் பிறந்து மருத்துவம் பயின்ற இவர், 1907 ஜனவரி 6ஆம் நாள் ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். குழந்தை தானே எடுத்து, தானே செய்து, தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளுமாறு கருவிகள் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கருவிகளுட் பல மரத்தால் ஆனவை.

எண் கோல்கள் என்பவை பத்து. முதற்கோல் பத்து சென்டிமீட்டர். பத்தாவது ஒரு மீட்டர். ஒவ்வொரு பத்து சென்டிமீட்டரும் சிவப்பு, நீலம் என மாறி மாறி வண்ணம் பெற்றிருக்கும். ஒன்பதின் முனையில் ஒன்றை வைத்தால் பத்தின் நீளம் வருகிறது. எட்டோடு இரண்டும், ஏழோடு மூன்றும், ஆறோடு நான்கும் அவ்வாறே. ஐந்து மட்டும் துணையின்றி நிற்கும். ஒற்றை என்பதையும் சரிபாதி என்பதையும் குழந்தை அங்கே கண்ணாரக் காண்கிறது.

கதிர்ப்பெட்டி என்பது இன்னும் நுட்பமானது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் குறித்த பத்து அறைகள். அவற்றில் இடுவதற்குக் கடைந்த மரக் கதிர்கள் நாற்பத்தைந்து. ஒன்றில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று இட்டுக்கொண்டே போனால், ஒன்பதாம் அறை நிறையும்போது கை காலியாகும். ஒரு கதிர் மிஞ்சினாலும் குறைந்தாலும் எங்கோ பிழை நேர்ந்தது என்று குழந்தையே அறியும்; ஆசிரியர் கடிய வேண்டுவதில்லை. பூஜ்யத்தின் அறை மட்டும் காலியாகவே இருக்கும். ஒன்றுமில்லாமைக்கும் ஓர் இடம் உண்டு என்ற பெரிய உண்மையை அந்த வெற்றறை சொல்லித் தருகிறது.

பதின்ம முறைக்கு அவர் மணிகளைக் கையாண்டார். தனி மணி ஒன்று. பத்து மணி சேர்ந்த கோல். அத்தகைய பத்துக் கோல் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரம் அடுக்கிய கனம் ஆயிரம். நம் பழைய தமிழ் எழுத்து முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்ததை இது நினைவூட்டும். பத்து என்பதை ஒன்றும் பூஜ்யமுமாகப் பார்க்குமுன், அதனைத் தனித்த ஒரு பொருளாகக் காண்பது குழந்தைக்கு எளிது.

அம்மையார் தம் மகனோடு 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சங்கத்தின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தனர். ஓலைக் கொட்டகைகளில் நடைபெற்ற முதற்பயிற்சியில் சுமார் 300 பேர் கலந்துகொண்டனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டார் என்ற காரணத்தால் மகன் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 31 அன்று அவரை விடுவித்தனர். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளிடையே தம் ஆய்வைத் தொடர்ந்த அம்மையார், 1946இல் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டு மீண்டும் வந்து 1949 வரை இந்நாட்டில் பணியாற்றினார். சில திங்கள் தங்க வந்தவரைப் போர் பல ஆண்டுகள் நம்மிடையே நிறுத்திவிட்டது. இன்று பெங்களூரில் தெருவுக்குத் தெரு மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை காண்பதற்கு வித்து, தமிழ்நாட்டு ஓலைக் கொட்டகைகளில் இடப்பட்டது என்பதை இங்கு வாழும் தமிழர் பெருமையோடு நினைக்கலாம்.

இனிச் சென்னபட்டணத்துக்கு வருவோம். 1782 முதல் 1799 வரை மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், பாரசீகத்திலிருந்து கைவினைஞரை வரவழைத்து அரக்குக் கடைசலை இங்கே நிலைநாட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய முறைகளைப் பயின்று வந்து இத்தொழிலைச் செம்மைப்படுத்தினார் என்று அவ்வூரார் கூறி அவரைப் போற்றுகின்றனர்.

தொழிலின் உயிர் மரத்தில் இருக்கிறது. கன்னடத்தில் 'ஹாலெ மரம்' என்றும், பேச்சு வழக்கில் 'ஆலெ மரம்' என்றும் சொல்வர். இது நம் ஆலமரம் அன்று. தமிழ் மருத்துவர் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சும் வெட்பாலை மரமே இது. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் பெறும். பால் 'ஹாலு' ஆகும். பாலை 'ஹாலெ' ஆகும். எண்களிலே பத்து 'ஹத்து' ஆகும். மரத்தின் பெயரும் எண்ணின் பெயரும் ஒரே வழியில் உருமாறி நிற்பதைக் காண வியப்பாக இருக்கிறது.

வெட்பாலை வெண்மையான, நெருங்கிய இழையுள்ள மென்மரம். சில மாதம் உலர்த்தித் துண்டாக்கிக் கடைசல் பட்டறையில் பூட்டுவர். முற்காலத்தில் கையால் வில்லை இழுத்துச் சுழற்றினர். இப்போது பல பட்டறைகளில் மின்விசை சுழற்றுகிறது. சுழலும் கட்டையில் உளியை வைத்ததும் சுருள்சுருளாகச் சீவல் பறக்கும். வடிவம் வந்தபின் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வினால் எழும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். பிறகு 'தாளெகரி' என்று வழங்கும் காய்ந்த ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடிபோல் மினுமினுப்பு ஏறும். பாரதக் கதையில் மாளிகையாகி எரிந்த அதே அரக்குதான் இது. சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது. மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கும், நீலத்துக்கு அவுரியும் என இயற்கைச் சாயங்களை ஏற்றுவது வழக்கம். செயற்கைச் சாயமும் புழங்குவதால், வாயில் வைக்கும் குழந்தைக்கு வாங்குவோர் கேட்டறிந்து வாங்குதல் நன்று.

கடைசல் பட்டறை தானே ஒரு வடிவ கணித ஆசான் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். சுழல்வது எதுவோ அது வட்டமாகவே வரும். ஆகவே உருண்டை, உருளை, கூம்பு, வளையம் ஆகியவை பட்டறைக்கு இயல்பானவை. கனசதுரத்துக்கு வாளும் இழைப்புளியும் வேண்டும். பிரோபெலின் உருண்டையும் உருளையும், மாண்டிசோரி அம்மையாரின் கதிர்களும், ரஷ்ய வணிகரின் மணிகளும் கடைசல்காரரின் கைக்கு உரியவை. ஐந்து வளையங்களைப் படிப்படியாகச் சிறுத்துவரச் செய்யும் தொழிலாளி, ஒவ்வொன்றின் விட்டத்தையும் அளந்து அளந்தே கடைகிறார். அவர் அளவில் தவறினால் குழந்தையின் வரிசை தவறும். மரத்தில் அவர் வைத்த அளவைக் குழந்தையின் விரல் வாசித்துக்கொள்கிறது.

இத்தொழில் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆந்திரத்தில் ஏடிகொப்பாகா என்ற ஊரிலும் இதே மரத்தில் அரக்கு ஏற்றிக் கடைகின்றனர். நம் நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளைத் தாமிரபரணிக் கரையோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சொப்பில் சோறு பொங்கி நான்கு பேருக்குப் பங்கிட்ட குழந்தை வகுத்தலை அன்றே தொடங்கியது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இவற்றால் தனிப்பயன் ஒன்று உண்டு. நம் வீட்டுக் குழந்தை வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமோ மராத்தியோ இந்தியோ, பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறது. எண்களுக்கு மூன்று வரிசைப் பெயர்கள் அதன் செவியில் மோதுகின்றன. தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று சொல்லே பிரித்துக் காட்டும். இருபது என்றால் இரு பத்து. ஆங்கிலத்தின் லெவன், டுவெல்வ் என்ற சொற்களில் குழந்தை பத்தைக் காண இயலாது. இந்தியில் உன்னீஸ் என்ற பத்தொன்பது, இருபதுக்கு ஒன்று குறைவு என்ற கணக்கில் அமைந்தது. நம் தொண்ணூறோ நூறு வருமுன்பே நூறை ஒலித்துக் குழப்புவது. இத்தகைய இடங்களில் மணிச்சட்டம் மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது. ஒரு கம்பி முழுதும் தள்ளி அடுத்த கம்பியில் ஒன்று தள்ளினால், அதனை எம்மொழியில் எப்பெயரால் அழைத்தாலும் அது ஒன்றே. பெயர்கள் பல, எண் ஒன்று என்று அறிந்த குழந்தைக்குப் பல மொழி சுமையாகாது. தமிழில் எண்ணுவதால் பள்ளிக் கணக்குப் பின்தங்கும் என்று சில பெற்றோர் அஞ்சி, வீட்டில் தமிழ் எண்களையே விட்டுவிடுகின்றனர். அந்த அச்சம் வேண்டுவதில்லை. பத்தைத் திறந்து காட்டும் நம் எண்ணுப்பெயர்கள், மணியோடு சேரும்போது குழந்தைக்கு வலிமையே தரும்.

இவ்வளவு பயனுள்ள தொழில் இன்று எந்நிலையில் உள்ளது? மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளும், வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்த பொம்மைகளும் இதன் சந்தையை வெகுவாகக் குறைத்தன. கர்நாடக அரசின் கைவினை வளர்ச்சிக் கழகம் நெதர்லாந்து நாட்டின் உதவியுடன் தொழிலாளர்க்கு உதவ முன்வந்தது. 2005-06இல் சென்னபட்டணப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றன. 2015ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்பில் கர்நாடகத்தின் ஊர்தி இப்பொம்மைகளைத் தாங்கித் தில்லியில் சென்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டின் வழியே கற்பித்தலை வற்புறுத்தியது. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு 'ஜாதூயி பிட்டாரா' என்ற பெயரில், பொம்மைகளும் புதிர்களும் அடங்கிய கற்பித்தல் பெட்டியை வெளியிட்டது. பெருமைக்கும் கொள்கைக்கும் குறைவில்லை.

ஆயினும் 2023 மார்ச்சில் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது, அச்சாலை ஊருக்குள் செல்லாமல் ஒதுங்கிச் சென்றது. பயணம் விரைவாயிற்று; பழைய சாலையோரப் பொம்மைக் கடைகளின் முன் நிற்கும் வண்டிகள் குறைந்தன. நாள் முழுதும் உளி பிடிப்பவரின் அடுப்பு, சாலையில் நிற்பவரை நம்பியே எரிந்துவந்தது. தந்தையின் பட்டறையில் மகன் அமர்வானா, பெங்களூருக்கு வேறு வேலை தேடிச் செல்வானா என்பது இத்தகைய சிறு மாறுதல்களால் முடிவாகிறது. வெட்பாலையை வெட்டியவர் வளர்க்கவும் வேண்டும். கடைந்தவருக்கு உரிய கூலி கிட்டவும் வேண்டும். இவை இரண்டும் இல்லையேல் குறியீட்டுச் சான்றிதழ் சுவரில் தொங்கும், பட்டறை சுழலாது.

வாங்குவோர் கடமையும் ஒன்று உண்டு. பொம்மையை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்தால் அது கொலுப் பொம்மையாகிவிடும். குழந்தைக்குக் கணக்கு வராது. அடுக்கு வளையத்தைக் கலைத்துக் கொடுத்துப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கச் சொல்லலாம். தவறாக அடுக்கினால் உடனே திருத்தாமல் சற்றுப் பொறுத்திருக்கலாம். விரல் தானே கண்டுகொள்ளும். மணிச்சட்டத்தில் மூன்றைத் தள்ளி, பத்தாக இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்கலாம். தாத்தா தமிழிலும், அடுத்த வீட்டுப் பிள்ளை கன்னடத்திலும் அதே மணிகளை எண்ணட்டும். பொம்மை வாங்க வசதியில்லாத வீட்டில் புளியங்கொட்டையும் சோழியும் அதே பணியைச் செய்யும். அவற்றின் பெருமை சிறிதும் குறைந்ததன்று.

அடுத்தமுறை மைசூருக்கோ ஸ்ரீரங்கப்பட்டணத்து அரங்கனைத் தரிசிக்கவோ செல்லும் அன்பர்கள், விரைவுச்சாலையை விட்டு ஒரு மணி நேரம் பழைய சாலையில் சென்று சென்னபட்டணத்தில் இறங்குவார்களாக. கடையில் வாங்குவதோடு நில்லாமல், பட்டறைக்குள்ளும் குழந்தையை அழைத்துச் செல்வார்களாக. சுழலும் கட்டையில் அரக்கு ஏறுவதையும், ஒரே அளவில் பத்து மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதையும் அது பார்க்கட்டும். அவற்றைக் கடைந்த கைக்கு உரிய விலையைத் தந்து வாங்கி, வீடு திரும்பும் வழியில் அந்தப் பத்தைப் பத்து என்றும் ஹத்து என்றும் எண்ணி வரட்டும்.